எனக்கு ரைபோசோம்னு பேரு வெச்ச சார்

நான் பத்தாவது ஃபெயிலு. சும்மா ஃபெயிலு இல்ல, இங்கிலீஷ்ல ரவையூண்டு மார்க்குல போச்சு. அது மட்டும் வந்திருந்தா இந்நேரம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுல ஃபேனுக்கு அடியில உக்காந்துகினு, உங்களயெல்லாம் "ஆபீசர் லீவு, நாளைக்கு வாங்க"னு தொரத்திகினு இருப்பேன்.

சரி, பொய்யி.

பத்தாவது ஃபெயில் ஆவணும்னாலும் பத்தாவது வரைக்கும் போவணும்ல? எனக்கு ஃபெயிலுக்கே தகுதி கிடையாது. ரெண்டாங்கிளாஸு வாத்தியாரு என்ன மூணாவதுக்கு அனுப்பல, நானும் அதுக்கப்புறம் அவரத் தொந்தரவு பண்ணல. இப்ப இதக்கூட நான் எழுதல. போன்ல மைக்க அமுக்கிட்டுப் பேசறேன், அது எழுதிக்குது. சரியா எழுதுதா தப்பா எழுதுதான்னு பாக்கவும் எனக்குத் தெரியாது. தப்பு இருந்தா போனத் திட்டுங்க.

அந்தப் பொய்யியும் என்னுது இல்ல, எங்க மாமாவோடது. பொண்ணு பாக்கப் போன எடத்துல "மாப்ள இன்னா படிச்சிருக்காரு?"னு கேட்டாங்க. மாமா டீயக் கீழ வெக்காமயே "பத்தாவது ஃபெயிலு"ன்னாரு. மாமனார் மூஞ்சில ஒரு திருப்தி. எங்க பக்கம் பத்தாவது ஃபெயிலுன்னா அது ஒரு அந்தஸ்துங்க. பரீட்ச ஹாலு வரைக்கும் போயி ஃபேனு சுத்தறதப் பாத்துட்டு வந்தவன்னு அர்த்தம். "எதுல போச்சு?"ன்னாரு. "இங்கிலீஷு." "அது எல்லாருக்கும் போறதுதான்." முடிஞ்சிது. எங்க வூட்டுக்காரம்மா பத்தாவது பாஸு. அவ பாஸ காப்பாத்த ஒண்ணும் செய்யத் தேவயில்ல. நான்தான் இந்த ஃபெயில அன்னியிலேர்ந்து காப்பாத்திகினு வரேன்.

எப்படின்னா, கரண்ட்டு பில்லு வந்தா "கண்ணு எரியுது, புகை ஜாஸ்தி, நீயே படி"ம்பேன். பத்திரிக வந்தா "கண்ணாடி வண்டில இருக்கு"ம்பேன். கையெழுத்து போடுவேன், அது ஒரு படம் மாதிரி மனப்பாடம். லைசென்ஸு எப்படி வாங்குனன்னு மட்டும் கேக்காதீங்க, இது வேற ஆளப் பத்தின கத.

அந்த சாரப் பத்தி.

எங்கேர்ந்து வந்தாருன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. தெக்கத்திப் பேச்சும் இல்ல, நம்ம பேச்சும் இல்ல. பயாலஜி டியூஷன் எடுத்தாரு. வூடு வேங்கிக்கால்ல, புதுசா வூடுங்க கட்டிகினு இருக்காங்களே அந்தப் பக்கம். டியூஷன் டவுன்ல, ஒரு மாடில தகர ஷீட்டு போட்ட ஹாலு. டூ வீலர் ஓட்ட வராது அவருக்கு. சாயந்திரம் என் ஆட்டோல கூட்டிகினு போயி உட்டுட்டு, முடிஞ்சதும் திரும்பக் கூட்டியாறது என் வேல.

ஒல்லியா இருப்பாரு. பின்சீட்டுல சாஞ்சி உக்காந்து நான் பாத்ததே இல்ல. என் சீட்டுக்குப் பின்னாடி இருக்கற கம்பியப் புடிச்சிகினு, மூஞ்சிய என் தோள்மேல வெச்ச மாதிரி முன்னாடி நீட்டிகினே வருவாரு. ரோட்டுல எதயாவது பாத்துட்டாருன்னா கம்பில டக்கு டக்குனு தட்டுவாரு. "இத பாரு, இத பாரு"ம்பாரு. நான் குறுக்க யாரோ வந்துட்டாங்கன்னு பிரேக்க அமுக்குவேன். யாரும் வந்திருக்க மாட்டாங்க. அவருக்கு ஒரு உதாரணம் வந்திருக்கும்.

அதான் அவரு. கண்ணுல படறது எல்லாம் அவருக்கு உதாரணம். "புஸ்தகத்துல இருக்கறது படம்பா, ரோட்டுல இருக்கறதுதான் பாடம்"பாரு.

செங்கம் ரோட்டுல ஆசிரமம் பக்கத்துல எங்க ஸ்டாண்டு. மொத வாரமே ஸ்டாண்டுல எல்லாருக்கும் ஒரு போஸ்டிங் போட்டுட்டாரு. நம்ம உடம்புல செல்லுனு ஒண்ணு இருக்குதாம், அதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு வேலயாம். மிச்சம் மீதி, ஒடஞ்சது கிழிஞ்சது எல்லாத்தயும் தின்னு செமிக்கிறது லைசோசோமு. எங்க ஸ்டாண்டுல ஒரு பெருசு உண்டு, அடுத்தவன் டப்பால மிஞ்சின சோறு எதயும் உட மாட்டாரு. அவரு லைசோசோமு. மறுநாளே அந்தப் பெருசு, "டேய், லைசோசோமுகிட்ட மரியாதையா பேசுங்கடா"ன்னு ஆரம்பிச்சிடுச்சு. ரூம் புரோக்கர் ஒருத்தன், வெள்ளக்காரங்களுக்கு வூடு புடிச்சிக் குடுப்பான். அவன் என்சைமு. "ரெண்டு பேர சேத்து வெச்சிட்டு, தான் எப்படிப் போனானோ அப்படியே வெளிய வந்து அடுத்த ஜோடியத் தேடுறான் பாரு"ன்னாரு. அவன் சட்டைக் காலர தூக்கி உட்டுகினான்.

எனக்கு மட்டும் போஸ்டிங் போடல. கேட்டேன். "உனக்கு ஒண்ணு வருது, அவசரப்படாத"ன்னாரு.

பௌர்ணமிக்கு மறுநாள் விடிகாலைல ஒருநாள் அவர பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடப் போறேன். கிரிவலம் முடிச்ச ஜனம் பஸ்ஸு கிடைக்காம ரோட்டோரமா படுத்துக் கிடக்குது. ரெண்டு வரிச. இந்த வரிச தல இந்தப் பக்கம், அந்த வரிச தல அந்தப் பக்கம், காலெல்லாம் நடுவுல. கம்பில டக்கு டக்கு. வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கி ஓடுனாரு.

"இத பாரு! செல்லோட சவ்வு இதான்! தலைக்குத் தண்ணி புடிக்கும், காலுக்குத் தண்ணி ஆகாது. அதான் காலெல்லாம் உள்ள மறைச்சிகினு தலய மட்டும் வெளிய வெச்சிருக்கு. ரெண்டு வரிச. அவ்ளோதான் சுவரு. நம்ம உடம்பு பூரா இதான்!"

போன எடுத்து படம் புடிக்கறாரு. ஒரு அம்மா எழுந்துடுச்சு. "யோவ், இன்னாய்யா பொம்பளைங்க தூங்கறத படம் புடிக்கிற?" அப்புறம் நாலஞ்சு தல எழுந்துது. நான் ஓடிப்போயி, "அம்மா, அவரு வாத்தியாரும்மா, நீங்கள்லாம் சுவராம்"னு சொன்னேன். "யாரப் பாத்துடா சுவருன்ற?"ன்னு என்ன அடிக்க வந்தாங்க. வண்டிய எடுத்துகினு பறந்தோம். அவரு பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துகினே வராரு. "சவ்வு கலஞ்சி போச்சுப்பா"ன்னாரு, ஏதோ சொத்து போன மாதிரி.

பூக்காரம்மாகிட்டயும் இதே கததான். கோயில் பக்கம் கதம்பம் கட்டிகினு இருந்துது. மல்லி, மரு, கனகாம்பரம், மறுபடி மல்லி. நின்னு பாத்துட்டு, "இதான் புரோட்டீனு. பூ எல்லாம் அமினோ அமிலம். எந்தப் பூவுக்கு அப்புறம் எந்தப் பூன்றதுதான் கணக்கு. வரிச மாறுனா மாலயே மாறிடும்"னு அரமணி நேரம் நடத்துனாரு. பூக்காரம்மா நூல பல்லுல கடிச்சிகினே, "சாரு, மொழம் வாங்கப் போறியா, இல்ல எனக்குப் பரீட்ச வெக்கப் போறியா?"ன்னுது. வாங்கிட்டாரு. வாங்கி எங்கிட்ட குடுத்தாரு. அன்னிக்கு எங்க வூட்டுக்காரம்மா தலைல புரோட்டீனு.

எனக்கு அந்தாளப் புடிச்சிது. மறைக்கறதுக்கு இன்னா. என்ன மாதிரி ஆளுகிட்ட யாரும் எதயும் விளக்கிச் சொன்னதில்ல. "லெப்ட்டு, ரைட்டு, நிறுத்து"தான் என் காதுல உழற பேச்சு. இவரு மெனக்கெட்டு சொன்னாரு. ஒருநாள் டியூஷன் முடிஞ்சி பிள்ளைங்கள்லாம் போனப்புறம் மேல கூப்ட்டாரு. ஐஸ்கிரீம் மரக்கரண்டியால என் கன்னத்துக்கு உள்பக்கம் லேசா சுரண்டி, கண்ணாடித்துண்டுல தேச்சி, நீலச் சாயம் ஒரு சொட்டு உட்டு, மைக்ராஸ்கோப்புல வெச்சி "பாரு"ன்னாரு.

பாத்தேன். மேடும் பள்ளமுமா, கோணல்மாணலா, அப்பளம் உடச்சிப் போட்ட மாதிரி. ஒவ்வொரு துண்டுக்கு நடுவுலயும் ஒரு நீலப் பொட்டு.

"இதெல்லாம் யாரு சார்?"

"நீதான்."

"இவ்ளோ பேரு என் வாயில குடியிருக்காங்களா? ஒருத்தனும் வாடக தரலயே."

சிரிச்சாரு. "அந்தப் பொட்டுக்குள்ள உன்னப் பத்தி எல்லாம் எழுதியிருக்கு. உன் மூக்கு, உன் நெறம், எல்லாம். நாலே எழுத்துதான். அந்த நாலே மாத்தி மாத்தி வந்து ஒரு பெரிய புஸ்தகம்."

அன்னிக்கு ராவு எனக்குத் தூக்கம் வரல. எழுத்தே தெரியாதவன் உடம்பு பூரா எழுத்தாம்.

அவரு என்னக் கண்டுபுடிச்சது அதுக்கப்புறம்தான். டவுன்ல புதுசா ஒரு கட வந்துது. "அது இன்னா கடைனு பாரு, நான் கண்ணாடி மறந்துட்டேன்"ன்னாரு. "நானும் எடுத்தாரல சார்"னேன். வழக்கமான பாட்டு. அப்புறம் தோள்மேல மூஞ்சிய வெச்சிகினு, "ஓட்டும்போது கண்ணாடி வேணாம் உனக்கு. அந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஆன சைஸு. அதுக்கு மட்டும் கண்ணாடி வேணுமா?"ன்னாரு.

இருவது வருஷமா பொண்டாட்டி கண்டுபுடிக்காதத ஒரு ரோட்டத் தாண்டறதுக்குள்ள புடிச்சிட்டாரு. நானும் எதுக்கு மறைக்கணும்னு சொல்லிட்டேன். "தெரியாது சார்."

"அப்ப பஸ்ஸு போர்டு? லாட்ஜு போர்டு? தப்பில்லாம போறியே?"

சொன்னேன். ஒவ்வொரு போர்டுலயும் மூணு அடையாளம் வெச்சிருப்பேன், மொதல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணு. மொதல்ல கொம்பு, நடுவுல சுழி, கடைசி எழுத்து தலைல புள்ளி, அது செங்கம். கடைசில அதே புள்ளி, ஆனா நடுவுல ஒருத்தன் காலச் சுருட்டிகினு உக்காந்திருந்தான்னா அது விழுப்புரம். இன்னான்னு படிக்கத் தெரியாது, எங்க போவணும்னு தெரியும். ஒரு தடவதான் கவுந்துது. ஒரு லாட்ஜு போர்டுல கடைசி எழுத்துக்கு லைட்டு ஃபியூஸு. ஒரு வெள்ளக்கார ஜோடிய வெச்சிகினு அதே லாட்ஜ சுத்திச் சுத்தி வரேன், லாட்ஜே காணோம். கடைசில அந்தம்மாவே தோளத் தட்டி, "திஸ், திஸ்"னு கையக் காட்டுச்சு.

கம்பில தட்டுனாரு பாருங்க, டக்கு டக்கு இல்ல, தவிலு.

"ரைபோசோமு! நீதான்பா ரைபோசோமு! புஸ்தகத்துலேர்ந்து ஒரு சீட்டு காப்பி எடுத்து வெளிய வரும். ரைபோசோமு அத மூணு மூணு எழுத்தா பாக்கும். ஒரு எழுத்துக்குக்கூட அர்த்தம் தெரியாது அதுக்கு. ஆனா அந்த மூணுக்கு எந்தப் பூவோ அந்தப் பூவ வாங்கிக் கோத்து மாலைய முடிச்சிடும். லைட்டு ஃபியூஸு ஆச்சே, அதான் மியூட்டேஷனு! ஒரு எழுத்து போனா ஊரே சுத்தணும்!"

எனக்கும் போஸ்டிங் வந்துடுச்சு. குஷிதான், இல்லன்னு சொல்லல. ஆனா வேங்கிக்கால்ல எறக்கும்போது கையப் புடிச்சிகினேன். "சார், இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க வூட்டுக்காரம்மாக்குத் தெரியாது. அதகூட சமாளிச்சிப்பேன். பொண்ணுக்குத் தெரியக்கூடாது. அது ப்ளஸ் ஒன்னு போவுது. அவங்கப்பன் பத்தாவது வரைக்கும் வந்து கோட்ட உட்டவன்னு நெனச்சிகினு இருக்குது. எதுனா சந்தேகம்னா எங்கிட்ட வந்து கேக்கும். நான் 'எங்க காலத்துல வேற சிலபஸ்'ம்பேன், எதுனா படிக்க நீட்டுனா 'கண்ணு எரியுது பாப்பா, புகை ஜாஸ்தி, நீயே படி'ம்பேன். அது நம்பும்."

அவரு சிரிக்கல. மலையப் பாத்துத் திரும்பி நின்னாரு. "அந்த மலையப் பாத்து சொல்றேன். இது நம்ம ரெண்டு பேரோட முடிஞ்சிது"ன்னாரு. இந்த ஊர்ல மலையப் பாத்து சொன்னா அதுக்கு மேல பத்திரம் எழுத வேணாம்.

அந்த நம்பிக்கைலதான் பொண்ண அவருகிட்டயே டியூஷன் சேத்தேன். சாயந்திரம் பின்சீட்டுல சாரும் அதுவும். அவரு கம்பில தட்டுவாரு, அது நோட்டத் தொறக்கும். என் வண்டில பள்ளிக்கூடம் நடக்குது. நான் ஹெட்மாஸ்டரு மாதிரி ஓட்டிகினு போவேன்.

ஒருநாள் கிளாஸு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிட்டேன். மாடிக்குக் கீழ வண்டிய போட்டுட்டு உக்காந்திருக்கேன். மேல ஜன்னலு தொறந்திருக்கு.

"எனக்கு ஒரு ஆட்டோக்காரரத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன்"ன்றாரு.

மொதல்ல எனக்கு ஒண்ணும் உறைக்கல. வேற யாரோனு கேட்டுகினு இருக்கேன். கொம்பு வந்துது. சுழி வந்துது. காலச் சுருட்டிகினு உக்காந்தவன் வந்தான். பிள்ளைங்க சிரிக்குது. அப்புறம் லாட்ஜு. அந்தாளு நல்லாவே சொன்னாரு, நான் சொன்னதவிட நல்லா. வெள்ளக்காரம்மா தட்டுன எடத்துல ஒரு நிறுத்து நிறுத்துனாரு பாருங்க, எனக்கே அது தோணல. தகர ஷீட்டே அதிர்ற மாதிரி சிரிப்பு.

எனக்கு சிரிப்பு நல்லாத் தெரியும். ஸ்டாண்டுல பொழுதன்னைக்கும் என்னப் பத்தி நானே சொல்லி, நாலு பேர சிரிக்க வெச்சே பொழப்ப ஓட்டறவன் நான். என் மூக்கு, என் தொப்ப, மாமியார் வூட்ல ஆட்டுக்கால் சூப்ப டீன்னு நெனச்சி சக்கர கேட்டது, எல்லாத்தயும் வித்துட்டேன். இது ஒண்ணத்தான் விக்காம வெச்சிருந்தேன். அத எடுத்து அந்தாளு இனாமா குடுத்துகினு இருக்காரு.

அந்தச் சிரிப்புக்குள்ள என் பொண்ணு சிரிப்பயும் கேட்டேன். அது சிரிச்சா மொதல்ல மூக்குல கொர்ருனு ஒரு சத்தம், அப்புறம்தான் சிரிப்பு. அவங்கம்மாவும் அப்படித்தான். அம்பது பேருக்கு நடுவுல கூட எனக்குத் தெரியும். லாட்ஜுக்கு சிரிச்சிது. யாரோ ஒரு ஆட்டோக்காரன்னு நெனச்சி, பாவம், நல்லாத்தான் சிரிச்சிது.

அதோட நிறுத்தியிருக்கலாம் அந்தாளு. "வூட்ல எப்படி சமாளிக்கறாரு தெரியுமா?"ன்னாரு. குரல மாத்துனாரு. என் குரலு. அச்சு அசலு என் இழுவ. "கண்ணு எரியுது பாப்பா… புகை ஜாஸ்தி… நீயே படி."

ஹாலு பூரா வெடிச்சிது. கொர்ரு மட்டும் வரல.

காத்துகினு இருந்தேன். சில சமயம் லேட்டா வரும். வரல.

எல்லாரும் போனப்புறம் பொண்ணு கீழ எறங்கி வந்துது. மூஞ்சில ஒண்ணும் இல்ல. பைய மடில வெச்சிகினு எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காந்துது. அந்தாளு ஏறுனாரு, கம்பியப் புடிச்சாரு. "இன்னிக்கு கிளாஸு அமோகம்பா! யாரால தெரியுமா?"ன்னு என் தோளத் தட்டறாரு. பின்னாடி பொண்ணு. நான் இன்னா பேசறது? "ரோடு சரியில்ல சார், சாஞ்சி உக்காருங்க"ன்னேன்.

பொண்ண வூட்ல எறக்கிட்டு வேங்கிக்கால் போனேன். அவரு வூட்டு கேட்டாண்ட வண்டிய நிறுத்திட்டுக் கேட்டேன்.

"மலையப் பாத்து சொன்னீங்களே சார்."

"பேரு சொன்னேனா? ஒரு எடத்துலயாவது சொன்னேனா?"

"தினம் உங்கள ஏத்திகினு வர்ற ஆட்டோக்காரன் எத்தினி பேரு சார்?"

"நீ தப்பா எடுத்துக்கற. ரைபோசோமு இல்லன்னா உசுரே கிடையாது. உன்ன உசத்தித்தான் சொன்னேன்."

"உசத்துனா சிரிப்பாங்களா சார்?"

"சிரிச்சாத்தான்பா மனசுல நிக்கும். இனிமே அந்தப் பிள்ளைங்க யாருக்கும் ரைபோசோமு மறக்காது."

"என் பொண்ணுக்கும் மறக்காது சார்."

அது அவருக்குப் பட்டுது. பட்டுதுன்னுதான் நெனச்சேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. கொஞ்ச நேரம் தரையப் பாத்தாரு. நானும் உண்மையச் சொல்லணும், அந்த நேரத்துல ஒரு வார்த்த, "தப்புதான்பா"ன்னு ஒரு வார்த்த வந்திருந்தா, மறுநாள் சாயந்திரம் அதே டைமுக்குப் போயி நின்னிருப்பேன். எனக்கு மானம் அவ்ளோதான்.

தலய நிமித்துனாரு. கண்ணுல பளிச்சுனு ஒரு வெளிச்சம். கை தானா போயி கம்பில டக்கு டக்கு.

"இத பாரு! உனக்குக் கோவம் வருதுல்ல? நான் உன்ன கையால தொடல. உள்ள வரல. வெளிய ஒரு வார்த்த வந்து சவ்வு மேல உக்காந்துது, உள்ள எல்லாம் பத்திகிச்சு. ரிசெப்டரு! இதான் ரிசெப்டரு! நாளைக்கு—"

நாளைக்குன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாரு. அவருக்கே கேட்டிருக்கும்.

நான் வண்டிய எடுத்துகினு வந்துட்டேன். அதுக்கப்புறம் லைசோசோமு பெருசுதான் அவர ஏத்திகினு போச்சு.

பொண்ணு ரெண்டு மூணு நாள்ல, "டியூஷன் வேணாம்பா, வூட்லயே படிச்சிக்கறேன்"ன்னுது. ஏன்னு அவங்கம்மா கத்துனா. "ஹாலு ஒரே அனலும்மா"ன்னுது. பரீட்ச எழுதிட்டு வந்தன்னிக்கு, "பயாலஜி எப்படி?"ன்னேன். "எல்லாம் எழுதுனேன். ஒண்ண மட்டும் உட்டுட்டேன்." "எது?" "மறந்துட்டேம்பா." நல்ல மார்க்குதான். இப்ப நர்சிங் காலேஜு, ஊசி போடப் பழகுது. என் கைய நீட்டச் சொல்லும், நான் தெருக்கோடிக்கு ஓடிடுவேன்.

ஆனா அதுக்குத் தெரியுமா, தெரியாதா? அன்னிக்கு அந்தக் கொர்ரு நின்னது, என்னத் தெரிஞ்சதால நின்னுதா? இல்ல, தும்மல் வந்து நின்னுதா? கேட்டா தெரிஞ்சிடும். கேட்டா, அதுக்குத் தெரியாம இருந்தாலும் தெரிஞ்சிடும். அதனால கேக்கல. அது எங்கிட்ட சிலபஸு சந்தேகம் கேக்கறத மட்டும் நிறுத்திடுச்சு. பெரிய படிப்புக்குப் போயிட்டா அப்பன்கிட்ட யாரு கேப்பான்னு நானே சொல்லிக்கறேன்.

அந்தாளு இந்த ஊர உட்டே போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சுன்னேன். ஆனா பௌர்ணமிக்கு மறுநாள் ஜனம் ரெண்டு வரிசயா படுத்துக் கிடக்கறதப் பாத்தா என் கால் தானா பிரேக்குக்குப் போவுது. பின்னாடி யாரும் தட்டல. பேஜாரா இருக்கும். ஒருத்தன் நம்ம வூட்ல கை வெச்சிட்டுப் போனப்புறம், அவன் சொல்லிக் குடுத்தது மட்டும் நம்மகிட்டயே தங்கிடுது பாருங்க, அதான் கொடும. கதம்பத்தப் பாத்தா எனக்கு வேற ஒண்ணும் தெரியல இப்ப.

போன பௌர்ணமிக்கு மறுநாளு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். "ஆட்டோ"ன்னு ஒரு குரலு. திரும்பறேன், அந்தாளு. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. என்னத் தெரிஞ்சிதான் கூப்ட்டாரு. ஏறுனாரு. நான் வண்டிய எடுத்தேன். பெரிய தெரு திரும்பற வரைக்கும் ஒரு உதாரணம் கூட வரல. பூக்காரம்மாவத் தாண்டறோம், அப்பவும் வரல. கோயில் மதிலு முடியற எடத்துல முன்னாடி சாஞ்சி, கம்பியப் புடிச்சாரு. தட்டல. புடிச்சாரு, அவ்ளோதான்.

"அன்னிக்கு கிளாஸு முடிஞ்சதும் உன் பொண்ணு மட்டும் பின்தங்கி வந்து நின்னுது"ன்னாரு. "எல்லாரும் எறங்கிப் போற வரைக்கும் நின்னுது. அப்புறம் எங்கிட்ட வந்து இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'சார், அந்த ஆட்டோக்காரரு—'"

இருங்க, வூட்டுலேர்ந்து கூப்புடறாங்க.

"அப்பா! சவாரி வந்திருக்கு! சீட்டுல எழுதியிருக்கு, செங்கம் ரோட்டுல, ஆசிரமம் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் சந்து, உள்ள போனா பச்ச கேட்டு போட்ட கெஸ்ட் ஹவுஸாம்!"

"ஏன்டி தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தற? அந்த சீட்ட கொண்டு போயி அப்பாகிட்ட குடு, அவரு பாத்துக்கப் போறாரு." இது எங்க வூட்டுக்காரம்மா.

"அப்பா கையெல்லாம் கிரீஸும்மா. சீட்டு வீணாயிடும். நான்தான் படிச்சிச் சொல்லிட்டேன்ல?"

என் கையப் பாக்கறேன். போனத் தவிர ஒண்ணும் இல்ல. காலைல சோப்பு போட்டுக் கழுவுனது, அப்படியே இருக்கு.

"ஆமாம்மா, ஒரே கிரீஸு! இதோ வந்துட்டேன்!"